பள்ளிக்கூடத்து முதுகு

அந்தக் கட்டடத்தை இப்போது பார்க்கப் போகிறவர்கள் வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பழைய பள்ளிக்கூடம், எத்தனையோ பேருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த இடம் என்று குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள். நான் போவதில்லை. கோலா சிலாங்கூர்ச் சாலையில் பஸ் அந்தத் திருப்பத்தை நெருங்கும்போதே துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்கிறேன். பக்கத்தில் இருப்பவர் ஆற்றுச் சேறு நாறுகிறது என்று நினைத்து ஜன்னலைச் சாத்தித் தருகிறார். நாற்றம் வெளியிலிருந்து வரவில்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வது.

அது பள்ளிக்கூடமாகப் பிறந்த கட்டடம் அல்ல. கித்தாத் தோட்டம் போட்ட புதிதில், ரப்பர் ஷீட்டுகளைத் தொங்கவிட்டுக் கீழே விறகு எரித்துப் புகையில் காய வைப்பதற்காகக் கட்டிய கொட்டகை. ஆற்றோரம் பெரிய புகைக்கொட்டகை எழுந்த பிறகு பழையது சும்மா கிடந்தது. வௌவால் குடியேறியது. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் நடத்தியாக வேண்டும் என்று சட்டம் வந்தபோது, துரை வௌவால்களை விரட்டிவிட்டு என்னை உள்ளே விட்டார். ஒரு வாரத்தில் வௌவால்களும் திரும்பி வந்துவிட்டன. சேர்ந்தே இருந்தோம்.

எனக்கு அப்போது இருபது வயது. காலையில் ரப்பர்ப் பால் ஸ்டோரில் நின்று, மரத்தைக் கீறிப் பால் வெட்டி வருகிறவர்களின் வாளிகளை நிறுத்து, கணக்கு எழுதும் கிராணிக்கு எடை சொல்ல வேண்டும். பகலானால் வாத்தியார். புளித்த பால் விரலிடுக்கில் தோலாகக் காய்ந்திருக்கும். அதை உரித்துக்கொண்டே அரிச்சுவடி சொல்லிக் கொடுப்பேன். சாப்பாட்டிலும் அந்த வாடைதான். தூக்கத்தில் கையைத் தலைக்கு வைத்தால் விழித்துக்கொள்வேன்.

சுவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பலகைச் சுவர்கள். பல வருஷத்துப் புகை அவற்றில் தார் போல உறைந்திருந்தது. வெயில் ஏறினால் சுவர் வியர்க்கும். கறுப்பும் பழுப்புமாக ஒரு பிசின் கசிந்து மெல்ல, அவசரமே இல்லாமல், கீழே இறங்கும். கருவாட்டையும் கருகிய மயிரையும் ஒரே சட்டியில் போட்டுக் காய்ச்சியது போன்ற வாடை. தரை நடுவில் பழைய அடுப்புக்குழி இருந்தது. மண்ணைக் கொட்டி மூடியிருந்தார்கள். மழைக்காலத்தில் அது உள்வாங்கி, சாம்பல் கரைந்த தண்ணீர் ஊறி நிற்கும். அதில் தவளை முட்டையிடும். அதைச் சுற்றி உட்கார்ந்து பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும்.

தோட்டத்துக்கு வேறு பொதுக்கூரை கிடையாது. ஞாயிற்றுக்கிழமைப் பஞ்சாயத்து அங்கேதான். பெரிய கங்காணி என் நாற்காலியில் உட்கார்ந்து, யார் யாரோடு போனாள், யார் யாரை அடித்தான் என்பதையெல்லாம் வெற்றிலையோடு மென்று, கரும்பலகைக்குக் கீழே துப்புவார். கல்யாணத்துக்கு வந்த வெளித்தோட்டத்துச் சனங்கள் அங்கேதான் படுத்தார்கள். காய்ச்சலில் செத்தவர்களை மழை விடும்வரை அங்கேதான் கிடத்தினார்கள். சில மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரி டிரெசர் வந்து, பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, மூக்கைப் பிடித்து, பூச்சி மருந்தும் விளக்கெண்ணெயும் ஊற்றுவார். என்ன நடக்குமோ அது அந்தத் தரையிலேயே நடக்கும். மறுநாள் அதே தரையில் ஆத்திச்சூடி. தோட்டத்தின் வயிறு அந்தக் கொட்டகை. எல்லாம் அதற்குள் போயிற்று, எதுவும் சரியாகச் செரிக்கவில்லை.

இத்தனை அருவருப்பிலும் அந்தச் சனங்களுக்கு ஒரு பெருமை முளைத்ததுதான் ஆச்சரியம். சுவரில் சாய்ந்து உட்காரும் பிள்ளைகளின் முதுகில் அந்தப் பிசின் ஒட்டிக்கொள்ளும். தோள்பட்டை இரண்டிலும், நடுமுதுகிலும், கரடியின் கைத்தடம் போல மூன்று கறுப்புத் திட்டுகள். அடித்துத் துவைத்தாலும் போகாது. முதலில் தாய்மார்கள் என்னைத் திட்டினார்கள். பிறகு அந்தத் திட்டலே பீற்றலாக மாறிற்று. குழாயடியில் ஒருத்தி சட்டையைக் கல்லில் அறைந்துகொண்டே, "என்ன எழவு செவுரோ, எம்மவன் சட்ட ஒண்ணுகூட உருப்படி இல்ல" என்று ஊருக்குக் கேட்கச் சொல்லுவாள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதவள் குனிந்து குடத்தைப் பார்ப்பாள். பள்ளிக்கூடத்து முதுகு என்று அதற்குப் பேரே வைத்துவிட்டார்கள். கள்ளுக்கடை வாசலில் ஒரு தகப்பன் மகனைத் திருப்பி நிறுத்தி முதுகைக் காட்டியதை நானே பார்த்தேன். எழுதப் படிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. முதுகு கறுத்திருந்தால் போதும்.

ஏழு பிள்ளைகளுக்கு மட்டும்தான் அந்த முதுகு உண்டு. பதிவில் பத்துப் பேர்.

மீதி மூன்று பேரும் கீழ் லயத்துப் பிள்ளைகள். ஊரில் சேரியில் இருந்தவர்களைத் தோட்டத்தில் குழாய்க்கு அந்தப் பக்கம், பள்ளத்தில் வரிசை வீடாகக் கட்டிய லயத்தில் வைத்திருந்தார்கள். கப்பலில் எல்லோரும் ஒரே தட்டில் படுத்து, ஒரே வாளியில் வாந்தி எடுத்து வந்தவர்கள்தான். கரையேறிய பிறகு வாளி வேறாயிற்று. அந்த மூவரும் பின்வாசலுக்கு வெளியே, தாழ்வாரத்தில், ஒரு சாக்கின் மேல் உட்கார வேண்டும். சுவரைத் தொடக் கூடாது. இந்த ஏற்பாட்டைச் செய்தவர் பெரிய கங்காணி. நடத்தி வைத்தவன் நான். அவர்களுடைய சட்டை முதுகு வெள்ளையாக இருக்கும். தோட்டத்தில் எந்தப் பிள்ளை எந்த லயம் என்று தெரிய வேண்டுமானால், நடந்து போகும்போது பின்னால் பார்த்தால் போதும்.

அந்த மூன்றில் ஒரு பெண். எட்டு ஒன்பது வயதிருக்கும். பின்வாசலிலிருந்து பார்த்தால் கரும்பலகை சாய்ந்து தெரியும். அதனால் அவள் தலையை வலப்பக்கம் சாய்த்துச் சாய்த்தே படித்தாள். உள்ளே இருந்த ஏழு பேரும் தூங்கி விழும் வெயிலில் அவள் மட்டும் கழுத்தை ஒடித்து வைத்துக்கொண்டு வாயசைப்பாள். எனக்கு எரிச்சலாக இருக்கும். அவள் படிப்பது என்னைக் குற்றம் சொல்வது போல இருக்கும்.

ஒருநாள் பகலில் அவளுடைய தாய் வந்து படிக்குக் கீழே நின்றாள். பால் வெட்டி முடித்து, வாளியைக் கழுவாமல் அப்படியே வந்திருந்தாள். ஈ மொய்த்தது. கோலாலம்பூரிலிருந்து பள்ளிக்கூடத்தைப் பரிசோதிக்க ஒரு துரை வரப்போகிறார் என்று அந்த வாரம் விடியலில் பேர் கூப்பிடும் பெரட்டில் சொல்லியிருந்தார்கள்.

"ரிஜிஸ்தர்ல எத்தினி புள்ளைங்க எழுதி வச்சிருக்கீங்க சாமி?" என்றாள்.

பத்து என்றேன்.

"உள்ள?"

திரும்பி எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. ஏழு என்றேன்.

அவள் விரலை மடக்கவில்லை. முன்பே மடக்கிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். பத்தாங் காலிப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தார்களாம். அங்கே இரண்டு பிள்ளைகள் காய்ச்சலில் போய்விட்டன. பத்து எட்டாயிற்று, பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். அதைச் சொல்லிவிட்டு, மகள் உட்கார்ந்திருந்த சாக்கைக் காட்டினாள்.

"வெளிய ஒக்காந்திருக்கறத பாத்துக்கிட்டேதான் வேல வாங்கற மண்டோர் போறாருங்க. சும்மா குந்தியிருக்கற புள்ளதானேன்னு புல்லு வெட்ற கூட்டத்துக்கு இழுத்துக்குவாங்க. உள்ள இருந்தா இழுக்க மாட்டாங்க. எம்பொண்ணு உள்ள ஒக்காரணும். இல்லாட்டி தொர வர்ற அன்னிக்கி எங்க லயத்துப் புள்ளைங்க மூணும் வராதுங்க."

அவளுடைய குரலில் மிரட்டல் இல்லை. கடையில் நின்று உப்பு கேட்பது போலக் கேட்டாள். அந்த நிதானம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. சொல்லிப் பார்க்கிறேன் என்று அனுப்பினேன்.

பெரிய கங்காணியிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. சிரித்தார். வெற்றிலைச் சாறு கடைவாயில் வழிந்தது.

"அம்புட்டுத்தானே வாத்தியாரே? அன்னைக்கு ஒருநா உள்ள ஒக்காரட்டும். மறுநா சாணி போட்டு மெழுகிட்டாத் தீந்துச்சு."

நான் கீழ் லயத்துக்குப் போனேன். பள்ளத்தில் சாக்கடை கணுக்கால்வரை நின்றது. தாய் வாசலுக்கு வந்தாள். "உள்ளே உட்காரலாம் என்று சொல்லிவிட்டார்" என்றேன். கங்காணி சொன்னதில் ஒருநாள் என்பதையும் மறுநாள் சாணியையும் விட்டுவிட்டேன். சின்னச் சங்கதிதான், விழுங்கச் சிரமமாகவே இல்லை. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். திரும்பும் வழியில் செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. அதைக் கையால் பிடுங்கி எடுத்தேன். அந்த ஈரம் இன்னும் என் விரலில் இருக்கிறது.

பரிசோதனை நாளுக்கு எல்லாப் பிள்ளைகளும் வெள்ளை உடுத்த வேண்டும் என்று உத்தரவு. மேல் லயத்துக்குத் துணி கங்காணி கடையிலிருந்து வந்தது. கீழ் லயம் தன் பாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தத் தாய் ஒரு கோதுமை மாவுச் சாக்கை வேகவைத்து, அச்சு எழுத்துப் போக அடித்து, சட்டை தைத்தாள். வயிற்றுப் பக்கம் மங்கலாய் ஒரு நங்கூரப் படம் மிஞ்சியிருந்தது. முதுகுப்பக்கம் சுத்தமான வெள்ளை.

துரை கைக்குட்டையை மூக்கில் வைத்தபடியே உள்ளே வந்தார். அவர் மீது எனக்கு அன்று வந்த மரியாதை அது ஒன்றுக்குத்தான். விரலால் தலைகளை எண்ணினார். பத்து. கூட வந்த யாழ்ப்பாணத்து உதவியாளர் அதைக் குறித்துக்கொண்டார். சுவரோரம் பத்துப் பேரும் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் கடைசியில். அவள் சாய்ந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. மற்றப் பிள்ளைகள் சோம்பலாய்ச் சாய்ந்தன. அவள் முதுகு முழுவதையும், பின்மண்டையையும், கைகளையும்கூடச் சுவரில் அழுத்தி உட்கார்ந்திருந்தாள். பகல் உச்சி வெயில். சுவர் வியர்த்துக்கொண்டிருந்தது.

உதவியாளர் பலகையில் இருந்ததை யாராவது வாசியுங்கள் என்றார். ஏழு பேரும் என்னைப் பார்த்தார்கள். அவள் எழுந்தாள். இப்போது பலகை நேர் எதிரே இருக்கிறது. ஆனாலும் தலையை வலப்பக்கம் சாய்த்துக்கொண்டாள். சாய்த்தால்தான் அவளுக்கு எழுத்து நேராக வரும். தடுமாறாமல் நாலு வரியையும் வாசித்து முடித்தாள். துரை ஏதோ கேட்டார். உதவியாளர் என்னிடம் திரும்பி, "பிள்ளைக்குக் கழுத்தில ஏதும் வருத்தமோ எண்டு துரை கேக்கிறார்" என்றார்.

"ஆமாம் ஐயா, பிறவியிலேயே" என்றேன்.

பள்ளிக்கூடம் திருப்தியாக நடக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் சாணி கரைத்து மெழுகினார்கள். நான் அருகில் நின்று, கடைசியில் அவர்கள் மூவரும் உட்கார்ந்த இடத்தில் இரண்டு தடவை மெழுகச் செய்தேன். யாரும் என்னிடம் இரண்டு தடவை என்று சொல்லவில்லை. அது என் சொந்த யோசனை. பிள்ளைகள் வந்தபோது மூன்று பேருக்கும் சாக்கைக் காட்டினேன்.

சாயங்காலம் தாய் வந்து நின்றாள். தாழ்வாரத்தில் கிடந்த சாக்கைப் பார்த்தாள். பிறகு, "ஒருநான்னு சொல்லலியே சாமி" என்றாள். அவ்வளவுதான். நான் சாக்பீஸ் துண்டுகளைப் பொறுக்கிப் பெட்டியில் அடுக்கினேன். நிமிர்ந்தபோது போய்விட்டிருந்தாள்.

அடுத்த நாளிலிருந்து மற்ற இருவரும் பழைய சட்டைக்குத் திரும்பிவிட்டார்கள், அந்தப் பெண் மட்டும் மாவுச்சாக்குச் சட்டையிலேயே வந்தாள். துவைத்துத்தான் போட்டிருந்தாள், சோற்றுக் கஞ்சி வாசனை வந்தது. ஆனால் முதுகில் மூன்று கறுப்புத் திட்டு. புது வெள்ளையாதலால் மற்ற எந்தச் சட்டையையும்விடப் பளிச்சென்று. பின்வாசலில் உள்ளே பார்த்து உட்கார்ந்தால் அவள் முதுகு வெளிச்சாலைக்குத் தெரியும். பால் கொண்டு போகிறவர்கள் எல்லோரும் அந்த வழிதான். மண்டோர்கூட ஒருநாள் நின்று பார்த்துவிட்டுப் போனான். பள்ளிக்கூடத்து முதுகு உள்ள பிள்ளையைப் புல் வெட்ட இழுப்பதா வேண்டாமா என்று அவனுக்கே குழப்பம். அந்தக் கறை ஒரு மாதத்துக்கு மேல் அவளைக் காப்பாற்றிற்று. நான் காப்பாற்றவில்லை.

மேல் லயத்தில் புகைந்தது. குழாயடியில் பீற்றல் நின்றுபோயிற்று. கறையைத் தேய்த்தெடுக்கப் பெண்கள் சாம்பலும் மணலும் போட்டுப் பார்த்தார்கள். போகவில்லை. நேற்றுவரை மகன் முதுகைத் திருப்பிக் காட்டிய தகப்பன், அதே முதுகுக்கு மேல் துண்டைப் போர்த்தி அனுப்பினான். பெரிய கங்காணி என்னைக் கூப்பிட்டு ஒரு சவர்க்காரக் கட்டியைக் கையில் வைத்தார்.

"அந்த முதுக வெளுக்கச் சொல்லும்" என்றார்.

நான் எடுத்துக்கொண்டு போனேன். ஏன் போனேன் என்று என்னை நானே கேட்காத வருஷமில்லை. வேலை போய்விடும் என்று பயம், ஊருக்கு எந்த முகத்தோடு திரும்புவது என்று பயம், என்றெல்லாம் பல தடவை எழுதி அடித்துவிட்டேன். பயம் என்று எழுதினால் கொஞ்சம் கௌரவமாகத் தெரிகிறது. உண்மையில் எனக்கும் அந்தக் கறை அங்கே இருப்பது பிடிக்கவில்லை.

தாய் வாசலில் உட்கார்ந்து மகளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். சவர்க்காரத்தைப் படியில் வைத்தேன். அவள் அதை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"நல்ல வாசனையா இருக்கு. உங்க புள்ளைங்களுக்குப் போயிடுச்சுங்களா?"

அடுத்த வாசலில் யாரோ சிரித்தார்கள். லயம் முழுக்கக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

"நாங்களா பூசிக்கிட்டோம்? செவுரா குடுத்தது. திருப்பி வேணும்னா அந்தச் செவுரையே வந்து வாங்கிக்கச் சொல்லுங்க" என்றாள். மகளின் தலையைத் தன் பக்கம் திருப்பி, மீண்டும் பேன் பார்க்கத் தொடங்கினாள்.

நான் இந்தப் பதிலைக் கங்காணியிடம் சொன்னேன். ஒரு சொல் விடாமல். முதல் தடவை பாதியை விழுங்கியவன், இரண்டாம் தடவை முழுவதையும் ஒப்பித்தேன்.

சுவரை வந்து வாங்கிக்கொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து இல்லை. மேல் லயத்து ஆண்கள் சுத்தியலோடு வந்தார்கள். முதலில் சுண்ணாம்பு அடித்துப் பார்த்தார்கள். பிசின் அதைத் தின்றுவிட்டு, சீழ் நிறத்தில் திரும்பக் கசிந்தது. பிறகு மண்ணெண்ணெய்த் தகரங்களை வெட்டித் தட்டி நீட்டி, சுவரின் கீழ்ப்பாதி முழுக்க ஆணியடித்து மூடினார்கள். வேலை மும்முரத்தில் பாட்டுக்கூடப் பாடினார்கள். தோட்டத்துச் சனம் எல்லாம் கூடிப் பள்ளிக்கூடத்துக்கு உழைத்த நாள் என்று அதை இன்றைக்கும் சிலர் பெருமையாகச் சொல்கிறார்கள். நான் ஆணி எடுத்துக் கொடுத்தேன். புதுச் சட்டைகள் தைத்தார்கள். பழையவற்றை ஆற்றங்கரையில் போட்டு எரித்தபோது கிளம்பிய வாடை, சுவரின் வாடைதான்.

ஒரே வாரத்தில் ஏழு முதுகும் வெள்ளையாயின. தோட்டம் முழுக்க ஒரே ஒரு கறுத்த முதுகுதான் மிஞ்சியது.

பிறகு மண்டோருக்குக் குழப்பமே இல்லை. கறுத்த முதுகு என்றால் என்ன என்று இப்போது அவனுக்கு ஒரே அர்த்தம்தான். பெரட்டில் அந்தப் பெண்ணின் பேரைப் புல்வெட்டுக் கூட்டத்தில் கூப்பிட்டார்கள். தாய் முன்னால் வந்து நின்றாளாம். பிள்ளை போகாவிட்டால் லயத்து வீட்டைக் காலி செய்யலாம் என்று சொன்னார்களாம். நான் பால் ஸ்டோரில் தராசுக்குப் பின்னால் இருந்தேன், கேள்விப்பட்டேன். அன்றும் அவள் வாளியை நான்தான் நிறுத்தேன். எடையைச் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பாலின் மேல் ஒரு எறும்பு மிதந்தது, அதை விரலால் எடுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

இனி ஒன்பது பிள்ளைகள். ஒன்பதுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. பள்ளிக்கூடம் இல்லாவிட்டால் வாத்தியாரும் இல்லை. கிராணி பதிவுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளிவிட்டு வேறெங்கோ பார்த்தார்.

புல்வெட்டுக் கூட்டம் பகலில் பின்வாசல் வழியாகத்தான் திரும்பும். லாலான் புல் கீறிய கால்களோடு பெண்களும் பிள்ளைகளும் வரிசையாகப் போவார்கள். அந்த வரிசையில் மாவுச்சாக்குச் சட்டை. நங்கூரம் முழுதும் வெளுத்துவிட்டது. முதுகு வெளுக்கவில்லை. வாசலுக்கு நேரே வரும்போது அவள் நடை மட்டும் கொஞ்சம் தாமதிக்கும். தலை வலப்பக்கம் சாயும். பலகையில் அன்று என்ன எழுதியிருக்கிறதோ அதைப் போகிற போக்கில் வாசித்துவிட்டுப் போவாள். உதடு அசைவது தெரியும். சில நாள் நான் பலகைக்கு முன்னால் நின்று மறைத்திருக்கிறேன். சில நாள் விலகியும் இருக்கிறேன். எந்த நாள் எதற்காக என்று கேட்டால் எனக்கே தெரியாது.

அவர்கள் கடந்து போன பிறகு நாற்காலியில் உட்காருவேன். தகரம் முதுகுக்குச் சில்லென்று இருக்கும், ஒன்றும் ஒட்டாது. மையைத் தொட்டு, பத்தாவது பேருக்கு நேரே ஆஜர் என்று எழுதுவேன். அதன் பிறகு அந்தத் தோட்டத்தில் இருந்த மூன்று வருஷமும், ஒருநாள் விடாமல் எழுதினேன். அவளைப் போல ஒருநாள்கூடத் தவறாமல் வந்த பிள்ளை அந்தப் பள்ளிக்கூடத்தில் வேறு இல்லை.